ரிவர்ஸ் லூப்பில் ரயில் நுழைகிறது, வெளியேறும்போது எல்லாம் அணைகிறது: கோளாற்றை எங்கே தேடுவது?

நீங்கள் விவரித்த நிலைமை இது: டிசிசி (தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பும்) முறையில் இயங்கும் ஹெச்ஓ அளவு மாதிரி ரயில் லேஅவுட்டின் ஒரு முனையில், ஒற்றை டர்ன்அவுட்டில் (பாதை பிரியும் இடம்) பிரிந்து அதே டர்ன்அவுட்டுக்குத் திரும்பும் ரிவர்ஸ் லூப் இருக்கிறது, அதற்கென்று ரிலே வகை ஆட்டோ ரிவர்சர் (லூப்பின் மின்துருவத்தைத் தானே மாற்றும் கருவி) ஒன்றைப் பொருத்தியிருக்கிறீர்கள். ரயில் லூப்புக்குள் தடையின்றி நுழைகிறது. ஆனால் வெளியேறும் இடத்தில், தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் அணைந்துவிடுகிறது, அல்லது ரிவர்சரின் ரிலே டக்டக்கென்று விடாமல் அடித்துக்கொள்கிறது. ரிவர்சர் மாறும் மின்னோட்ட வரம்பை அமைக்கும் ட்ரிம்மரைத் திருகிப் பார்த்தும், வேறு பூஸ்டரை மாட்டிப் பார்த்தும் நிலைமை மாறவில்லை. நுழையும் பக்கம் சரியாக வேலை செய்வதால் வெளியேறும் பக்கத்தில்தான் கோளாறு இருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, அந்தப் பக்கத்து இணைப்புகளை எல்லாம் மறுபடி சால்டர் செய்திருக்கிறீர்கள்.

அந்த முடிவைத்தான் முதலில் கைவிட வேண்டும். ரிவர்ஸ் லூப்பில் ஒரு முனை சிக்கலின்றி இருப்பது அந்த முனை நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது. பல நேரங்களில் அந்த முனையில் இருக்கும் குறைதான் எதிர்முனையில் ஷார்ட்டாக வெளிப்படுகிறது. ஏன் என்பதைப் புரிந்துகொண்டால் தேடுதல் பாதியாகக் குறையும் என்பதால், கருவிகளைக் கையில் எடுக்கும் முன் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இரு தண்டவாள முறையில், வளைந்து திரும்பும் லூப்பின் இடது தண்டவாளம் டர்ன்அவுட்டை மறுபடி அடையும்போது பிரதான பாதையின் வலது தண்டவாளத்தைத்தான் சந்திக்கிறது. ஆகவே லூப்பின் இரண்டு முனைகளிலும், ஒவ்வொரு முனையிலும் இரண்டு தண்டவாளங்களிலும், காப்பு இடைவெளி வெட்டி, உள்ளே இருக்கும் பகுதிக்கு ரிவர்சர் வழியாக மட்டுமே மின்சாரம் தருகிறோம். முதல் முனையை ‘அ’ என்றும் மறுமுனையை ‘ஆ’ என்றும் வைத்துக்கொள்வோம். ரிவர்சருக்கு இரண்டே நிலைகள்தான் உண்டு: ஒன்றில் ‘அ’ முனையில் துருவம் பொருந்தும், ‘ஆ’ முனையில் முரண்படும், மற்றதில் அப்படியே தலைகீழ். எந்த நேரத்திலும் இரண்டு முனைகளும் சேர்ந்து பொருந்துவது இந்த அமைப்பில் நடக்காத காரியம். முரண்பட்ட முனையை ஒரு சக்கரம் தொட்டதும் ஷார்ட் உண்டாகிறது, ரிவர்சர் அதை உணர்ந்து நிலையை மாற்றுகிறது, ரயில் தொடர்ந்து போகிறது. எஞ்சினின் திசை இதனால் மாறுவதில்லை, ஏனெனில் டிசிசி சிக்னலில் ஒன்று, பூஜ்யம் என்ற பிட்டுகள் துருவத்தால் அல்ல, கால அளவால்தான் வேறுபடுகின்றன. ‘ஒன்று’ பிட்டின் ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோ வினாடி, ‘பூஜ்யம்’ என்றால் 100 மைக்ரோ வினாடி அல்லது அதற்கு மேல். மாறும் கணத்தில் ஒரு பாக்கெட் (கட்டளைத் தொகுப்பு) சிதைந்தாலும், எஞ்சினுக்குள் இருந்து கட்டளைகளைப் படிக்கும் டீகோடர் பிழை சரிபார்க்கும் பைட்டைக் கொண்டு அதை ஒதுக்கிவிடும். கட்டளை நிலையம் அதே கட்டளையைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இப்போது ‘அ’ முனையில் ஒரு தண்டவாளத்தின் இடைவெளி மூடிக்கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் வந்தவுடன் ரிவர்சர் தானாகவே ‘அ’ பொருந்தும் நிலைக்குப் போய் உட்கார்ந்துவிடும், ஏனென்றால் மற்ற நிலையில் ஷார்ட் இருக்கிறது. ரயில் ‘அ’ வழியாக அழகாக உள்ளே வரும். ‘ஆ’ முனையைத் தொட்டதும் ரிவர்சர் மாற முயலும். மாறினால் மூடிக்கிடக்கும் ‘அ’ இடைவெளியில் ஷார்ட், மாறாவிட்டால் சக்கரத்தின் அடியில் ஷார்ட். இரண்டுக்கும் நடுவே ரிலே அடித்துக்கொள்ளும், சற்று நேரத்தில் பூஸ்டர் பொறுமையிழந்து அணைந்துவிடும். நீங்கள் சொன்ன அறிகுறிகள் இதோடு வரிக்கு வரி பொருந்துகின்றன. லூப் பகுதியைப் பிரதான பாதையோடு கள்ளத்தனமாக இணைக்கும் எதுவும் இதே விளைவைத் தரும். இடைவெளி மூடியிருப்பது, பஸ் வயரிலிருந்து (லேஅவுட் முழுதும் ஓடும் முக்கிய மின்கம்பி) தவறுதலாக லூப்புக்குள் இறங்கிய ஒரு ஃபீடர் (தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் கிளைக்கம்பி), லூப்பைவிட நீளமான ரயிலின் வால் ஆகிய மூன்றையும்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

சோதனையை ரயில் இல்லாமல் தொடங்குங்கள். லூப்பிலும் அதை அடுத்த பாதையிலும் இருக்கும் எஞ்சின்கள், விளக்கு பொருத்திய பெட்டிகள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், ஏனெனில் டீகோடரும் பல்பும் மீட்டரில் இணைப்புப் போலவே காட்டும். ரிவர்சரின் வெளியீட்டுக் கம்பிகள் இரண்டையும் கழற்றிவிட்டு, பிரதான பாதைக்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள். இப்போது லூப் பகுதி முற்றிலும் உயிரற்று இருக்க வேண்டும். இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள்: மீட்டரை லூப்பின் இரண்டு தண்டவாளங்களுக்கும் குறுக்கே வைத்துப் பார்த்து, ஒன்றும் காட்டவில்லை என்றதும் காப்பு சரியாக இருப்பதாக நினைத்துவிடுகிறார்கள். ஒரே ஒரு தண்டவாளம் மட்டும் பிரதான பாதையோடு ஒட்டியிருந்தால் இந்தச் சோதனை அதைக் காட்டாது, மற்ற தண்டவாளம் எதிலும் சேராமல் தொங்கிக்கொண்டிருப்பதால் சுற்று முழுமையடைவதில்லை. எனவே லூப்பின் ஒவ்வொரு தண்டவாளத்தையும் பிரதான பாதையின் ஒவ்வொரு தண்டவாளத்தோடும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். ஆக நான்கு அளவீடுகள். இதற்கு மீட்டரைவிடச் சிறிய 12 வோல்ட் பல்பு நம்பகமானது. டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள் மின்தடை மிக அதிகம் என்பதால், அருகருகே ஓடும் கம்பிகளின் கொள்ளளவு வழியாகக் கசியும் சில வோல்ட்டுகளைக்கூட அது காட்டி உங்களைக் குழப்பும். பல்பு அப்படி ஏமாறாது. நான்கு இடங்களிலும் அது இருண்டே இருந்தால் காப்பு முழுமையானது. எங்காவது எரிந்தால், ரிவர்சரைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டு அந்தத் தண்டவாளத்தைப் பின்தொடருங்கள்.

பின்தொடரும்போது முதலில் பார்க்க வேண்டியவை ரம்பத்தால் வெட்டிய இடைவெளிகள். வெட்டிய நாளில் மெல்லிய அட்டை நுழையும் அளவுக்கு இருந்த இடைவெளி, வெப்பத்தில் தண்டவாளம் நீண்டதாலோ அடிப்பலகை சுருங்கியதாலோ மூடிக்கொண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் கோடு தெரியும், ஆனால் தண்டவாளத்தின் அடிப்பாகத்தில் இரண்டு முனைகளும் முத்தமிட்டுக்கொண்டிருக்கும். ரம்பம் அடிவரை இறங்காமல் கீழே ஒரு மெல்லிய உலோக இழை விட்டுப்போயிருப்பதும் உண்டு. பூதக்கண்ணாடியை வைத்துப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். இடைவெளியில் ஒரு துண்டு ஸ்டைரீன் பிளாஸ்டிக்கைச் செருகி, பசையிட்டு, தண்டவாளத்தின் வடிவத்துக்கு அரத்தால் தேய்த்துவிட்டால் இந்தத் தொல்லை திரும்ப வராது. சமீபத்தில் சரளைக்கற்களை ஒட்டியிருந்தால், பசை முழுதாக உலரும் வரை அதுவே மின்சாரத்தைக் கடத்தும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

காப்பு உறுதியான பிறகு ரிவர்சரின் வெளியீட்டை மீண்டும் இணைத்து இடைவெளிகளின் குறுக்கே அளவிடுங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை இடைவெளிக்கு இந்தப் பக்கமும் மற்றதை அதே தண்டவாளத்தின் அந்தப் பக்கமும் தொடச் செய்யுங்கள். துருவம் பொருந்தியிருந்தால் பூஜ்யத்தை ஒட்டிய அளவும், முரண்பட்டிருந்தால் கிட்டத்தட்ட முழுத் தண்டவாள மின்னழுத்தமும், அதாவது ஹெச்ஓ அமைப்புகளில் பொதுவாக 14 வோல்ட் அளவில், காட்டும். சாதாரண மீட்டர்கள் வீட்டு மின்சாரத்தின் 50, 60 ஹெர்ட்ஸுக்காகச் செய்யப்பட்டவை. டிசிசி சிக்னலோ பல கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் மாறுவது. ஆகவே எண் துல்லியமாக இராது, ஆனால் நமக்கு வேண்டியது ‘உண்டா, இல்லையா’ என்பது மட்டுமே. ‘அ’ முனையின் இரண்டு தண்டவாளங்களிலும் பூஜ்யம், ‘ஆ’ முனையின் இரண்டிலும் முழு மின்னழுத்தம், அல்லது இதன் தலைகீழ் என்பதுதான் ஆரோக்கியமான நிலை. ஒரே முனையில் ஒரு தண்டவாளம் பூஜ்யமும் மற்றது முழு மின்னழுத்தமும் காட்டினால், ஃப்ராக்கிலோ (டர்ன்அவுட்டில் இரு தண்டவாளங்கள் குறுக்கிடும் பகுதி) ஃபீடரிலோ கோளாறு இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: உயிருள்ள (மின்சாரம் பாயும்) ஃப்ராக் கொண்ட டர்ன்அவுட்டாக இருந்தால், எந்தக் கிளையை அளக்கிறீர்களோ அந்தக் கிளைக்கு டர்ன்அவுட்டைத் திருப்பி வைத்த பிறகே அளக்க வேண்டும். திருப்பாவிட்டால் ஃப்ராக்குக்கும் இடைவெளிக்கும் நடுவில் உள்ள உள்தண்டவாளம் தவறான துருவத்தில் நின்று, இல்லாத கோளாற்றைக் காட்டும்.

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்த சோதனை. லேஅவுட் இயங்கிக்கொண்டிருக்கும்போது, முரண்பட்ட முனையில் ஒரு தண்டவாளத்தின் இடைவெளி மீது ஸ்க்ரூடிரைவரின் நுனியை வைத்து இரண்டு பக்கத்தையும் இணையுங்கள். ரிலே ஒரே ஒரு முறை ‘டக்’ என்று மாற வேண்டும், பிரதான பாதையில் வேறெந்த ரயிலின் விளக்கும் இமைக்கக்கூடாது. பிறகு எதிர்முனைக்குப் போய் அதையே செய்யுங்கள். மறுபடியும் ஒரே ஒரு ‘டக்’. இரண்டு முனையிலும் இப்படி நடந்தால் உங்கள் மின்னிணைப்பிலும் ரிவர்சரிலும் குற்றமில்லை. தவறு ரயிலிலோ டர்ன்அவுட்டிலோ இருக்கிறது. விடாமல் அடித்துக்கொண்டால் மேலே சொன்ன கள்ள இணைப்பு இன்னும் அகலவில்லை என்று பொருள். ஒரு சத்தமும் இல்லாமல் பூஸ்டர் மட்டும் அணைந்தால், ரிவர்சருக்கு முன்பே பூஸ்டர் முந்திக்கொள்கிறது.

பூஸ்டர் முந்திக்கொள்ளும் சிக்கலில்தான் ட்ரிம்மருக்கு வேலை. அதற்கு முன் அதைத் தொடுவது வீண். ரிவர்சர் மாறும் மின்னோட்டம், பூஸ்டர் அணையும் மின்னோட்டத்தைவிடத் தெளிவாகக் குறைவாக இருக்க வேண்டும். 2.5 ஆம்பியர் தரும் தொடக்கநிலைத் தொகுப்பில் 3 அல்லது 4 ஆம்பியருக்கு அமைக்கப்பட்ட ரிவர்சரை இணைத்தால், அது மாறும் சந்தர்ப்பமே வராது. ஹெச்ஓ அளவில் தற்கால எஞ்சின் ஒன்று ஓட்டத்தில் பெரும்பாலும் 1 ஆம்பியருக்குள்ளேயே எடுப்பதால், இப்படிப்பட்ட தொகுப்புக்கு 1.5 ஆம்பியர் அளவில் வைப்பது பொருத்தமாக இருக்கும். இரண்டு மூன்று எஞ்சின்களைச் சேர்த்து ஓட்டுபவருக்கு அது போதாமல் போகலாம்; அவர்களுக்குத் தீர்வு ட்ரிம்மரில் இல்லை, பெரிய பூஸ்டரில்தான் இருக்கிறது. பூஸ்டருக்கும் ரிவர்சருக்கும் நடுவே ஒரு சர்க்யூட் பிரேக்கர் இருந்தால் அதன் வரம்பையும் வேகத்தையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும், முடிந்தால் அதற்குச் சற்றுத் தாமதம் கொடுக்க வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஷார்ட் ஏற்பட்டும் மின்னோட்டம் போதிய அளவு உயராமல் போகலாம். 14 வோல்ட்டில் 3 ஆம்பியர் பாய வேண்டுமானால் பூஸ்டரிலிருந்து சக்கரம் வரை போய்த் திரும்பும் பாதையின் மொத்த மின்தடை 4.7 ஓமுக்குள் இருக்க வேண்டும். மெல்லிய கம்பிதான் காரணம் என்று எல்லோரும் உடனே சொல்வார்கள், ஆனால் 0.14 சதுர மி.மீ. கம்பியே போகவும் வரவுமாக 10 மீட்டருக்குச் சுமார் 1.2 ஓம்தான் தரும். மீதியைத் தருபவை தளர்ந்துபோன, துருப்பிடித்த ரயில் ஜாயினர்கள் (தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் உலோகப் பிடிகள்). ஆகவே லூப்பின் ஒவ்வொரு துண்டுத் தண்டவாளத்துக்கும் ஃபீடர் கொடுப்பது, பஸ் வயரைத் தடிமனாக்குவதைவிடப் பலன் தரும். தண்டவாளங்களின் குறுக்கே ஓர் உலோகத் துண்டை வைத்து, லேஅவுட்டின் எந்த மூலையிலும் பூஸ்டர் உடனே அணைகிறதா என்று பார்ப்பது இதற்கான பழைய சோதனை. ஷார்ட் பாதுகாப்புக்காக வாகன பல்பைத் தொடராக இணைத்திருப்பவர்கள், அந்தப் பல்பு மின்னோட்டத்தைச் சுமார் 2 ஆம்பியருக்குள் கட்டிவிடும் என்பதால், ரிவர்சர் இருக்கும் கிளையிலிருந்து அதை எடுத்துவிட வேண்டும்.

இனி டர்ன்அவுட். ரயில் ‘அ’ கிளையில் நுழைந்து ‘ஆ’ கிளையில் வெளியேறுகிறது என்பதால், அது லூப்புக்குள் இருக்கும்போதே டர்ன்அவுட்டைத் திருப்பியாக வேண்டும். மறந்துவிட்டால், உயிருள்ள ஃப்ராக்கின் துருவம் தவறாக இருக்க, முதல் சக்கரம் அதைத் தொட்டதும் ஷார்ட் வரும். அந்த ஷார்ட்டை ரிவர்சர் எத்தனை முறை மாறினாலும் தீர்க்க முடியாது. வெளியே பார்ப்பவருக்கு இதுவும் ‘லூப்பிலிருந்து வெளியேறும்போது அணைகிறது’ என்றுதான் தெரியும். ஆகவே அடுத்த முறை அணையும்போது எதையும் தொடாமல் குனிந்து, எஞ்சினின் முன்சக்கரம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இடைவெளியின் மீதே நின்றால் இதுவரை சொன்னவை பொருந்தும். இடைவெளியைத் தாண்டி ஃப்ராக்கின் நுனியில் நின்றால் லூப்பை மறந்துவிட்டு டர்ன்அவுட்டையும் அதன் ஃப்ராக் சுவிட்சையும் கவனியுங்கள். டர்ன்அவுட் மோட்டார் முழுதாக நகர்ந்தும் ஃப்ராக்குக்கான துணைத் தொடுமுனை மாறாமல் இருப்பது அடிக்கடி நிகழ்வதுதான். இடைவெளியை ஃப்ராக்கை ஒட்டி வெட்டாமல், ஓர் எஞ்சின் நீளமாவது தள்ளி வெட்டுவதை நான் பரிந்துரைப்பேன். ஃப்ராக்கின் துருவத்தை ஷார்ட்டை உணர்ந்து மாற்றும் மின்னணுக் கருவியைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்த இடைவெளி விருப்பத் தேர்வு அல்ல, கட்டாயம். ஷார்ட்டை உணரும் இரண்டு கருவிகளை ஒரே எஞ்சின் ஒரே நேரத்தில் தொட்டால், ஒன்று திருத்தியதை மற்றொன்று கெடுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு ரிவர்ஸ் பகுதிகளை நடுவில் நிலையான பாதை இல்லாமல் நேரடியாக ஒட்டவைப்பதும் இதே காரணத்தால் தவறு.

ரயிலின் நீளத்தைப் பற்றி ஒரு பொதுவான தவறான எண்ணம் நிலவுகிறது. மின்சாரம் எடுக்கும் எஞ்சினும் விளக்குப் பெட்டிகளும் மட்டுமே கணக்கில் வரும், மற்ற பெட்டிகள் நீண்டிருந்தால் பாதகமில்லை என்பார்கள். பிளாஸ்டிக் சக்கரம் என்றால் அது சரி. உலோகச் சக்கரம் என்றால், அந்தப் பெட்டியில் ஒரு கம்பிகூட இல்லாவிட்டாலும், இடைவெளியைக் கடக்கும் கணத்தில் சக்கரமே இரு பக்கத்தையும் இணைத்துவிடும். அதே கணத்தில் எஞ்சின் எதிர்முனையில் இருந்தால் ரிவர்சருக்கு வழியில்லை. இது ஒவ்வொரு முறையும் நிகழாது, இரண்டு முனைகளிலும் சக்கரங்கள் ஒன்றாகப் பட்டால்தான் நிகழும். ‘சில சமயம் அணைகிறது, சில சமயம் அணையவில்லை’ என்று வரும் புகார்களில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எஞ்சினை மட்டும் தனியாக ஓட்டிப் பாருங்கள். அது எத்தனை முறை போனாலும் சிக்கலின்றிப் போய், முழு ரயில் மட்டும் தடுமாறினால் லூப் பகுதியை நீட்ட வேண்டும், அல்லது ரயிலைச் சுருக்க வேண்டும்.

ஒலி டீகோடர்களால் வரும் தொல்லை வேறு வகை. மின்சாரம் நின்று வரும்போது அவற்றிலுள்ள மின்தேக்கிகள் நிரம்புவதற்காகக் கணநேரத்துக்குப் பெரிய மின்னோட்டத்தை இழுக்கும்; குறைந்த வரம்பில் அமைத்த ரிவர்சர் அதை ஷார்ட் என்று நினைத்து மாறும், மாறியதும் மறுபடி இழுக்கும். எஞ்சின் லூப்பின் நடுவில், எந்த இடைவெளியையும் தொடாமல் நிற்கும்போதே ரிலே அடித்துக்கொண்டால் காரணம் இதுதான். ட்ரிம்மரைச் சற்று உயர்த்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இடைவெளியைக் கடக்கும் எஞ்சின் திடீரென்று முழு வேகத்தில் பாய்ந்தால் அது மின்னிணைப்புக் கோளாறு அன்று. டீகோடரில் டிசி இயக்கம் அனுமதிக்கப்பட்டிருப்பதால், சிக்னல் சிதையும் கணத்தை அது டிசி மின்சாரமாக எடுத்துக்கொள்கிறது. டீகோடரின் அமைப்புகளில் ஒன்றான சிவி 29-இன் மதிப்பு 6 என்று இருந்தால் 2 ஆகவும், நீண்ட முகவரி பயன்படுத்துபவர்களுக்கு 38 என்று இருந்தால் 34 ஆகவும் மாற்றினால் போதும். லூப்புக்குள் ஏபிசி வகைத் தானியங்கி நிறுத்தப் பகுதி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அது இரு தண்டவாளங்களின் மின்னழுத்த வேறுபாட்டைக் கொண்டு வேலை செய்வதால், ரிவர்சர் மாறும்போது நிறுத்த வேண்டிய திசையும் மாறிவிடும். அதை லூப்புக்கு வெளியே வைப்பதே நல்லது.

உங்கள் லேஅவுட்டில் நான் செய்யக்கூடியது இது. முதலில் ரயிலை ‘ஆ’ கிளை வழியாக எதிர்த்திசையில் நுழையச் செய்வேன். நுழையும்போதே ரிலே அடித்துக்கொண்டு, முன்பு அமைதியாக இருந்த ‘அ’ முனை மட்டும் இப்போதும் அமைதியாகவே இருந்தால், கள்ள இணைப்பு ‘அ’ பக்கத்தில்தான் இருக்கிறது. வெளியீட்டுக் கம்பிகளைக் கழற்றி நான்கு இடங்களில் பல்பு வைத்துப் பார்த்தால் எந்தத் தண்டவாளம் என்பதும் தெரிந்துவிடும். எந்தக் கிளையில் நுழைந்தாலும் வெளியேறும் முனையில் மட்டுமே அணைந்தால், முன்சக்கரம் நிற்கும் இடத்தைப் பார்த்து, ரயிலின் நீளத்தையோ ஃப்ராக்கையோ சந்தேகிக்கலாம். வெளியேறும் பக்கத்தில் நீங்கள் புதிதாகச் செய்த சால்டர் இணைப்புகளில் ஏதேனும் ஒன்று, அவசரத்தில் ரிவர்சரின் வெளியீட்டுக்குப் பதிலாகப் பஸ் வயரில் சேர்ந்திருக்கிறதா என்பதையும் கூடவே பார்த்துவிடுங்கள்.